வளவுக்குள் ஒரு பொந்து

பறவைகளில் கூடு பின்னத் தெரிந்தவை உண்டு. பொந்து தேடிக் குடியேறுபவையும் உண்டு. தூக்கணாங்குருவி ஓலையை நாராகக் கிழித்துத் தன் வீட்டைத் தானே பின்னிக்கொள்ளும். காகம் சுள்ளி பொறுக்கிக் கொப்புக் கவரில் அடுக்கும். ஆனால் சிட்டுக்குருவி, வண்ணாத்திக்குருவி, மைனா, பச்சைக்கிளி, பனங்காடை ஆகியவை முட்டையிட ஒரு பொந்தோ இடுக்கோ முன்பே இருக்க வேண்டும். ஊரில் எத்தனை பொந்துகள் உள்ளனவோ அத்தனை குடும்பங்களுக்குத்தான் இடம். தீனி ஏராளமாகக் கிடந்தாலும் பொந்து இல்லையென்றால் குஞ்சு இல்லை. அந்தப் பொந்துக்குப் பதிலாக மனிதன் செய்து கொடுப்பதே கூட்டுப்பெட்டி. யாழ்ப்பாணத்து வளவொன்றில் அதை யாருக்காக, எந்த அளவில், எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்பதை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம்.

கூட்டுப்பெட்டி வைப்பதை ஓர் இயக்கமாகவே வளர்த்தவர்கள் வட அமெரிக்கர்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நகரை விட்டுப் புல்வெளிப் பக்கம் சென்றிருக்கும் நம் உறவினர்கள், வேலிக் கட்டைகளில் வரிசையாகச் சிறு மரப்பெட்டிகள் நிற்பதைக் கண்டிருக்கக்கூடும். அவற்றுட் பல புளூபேர்ட் எனப்படும் நீலக்குருவிக்காக வைக்கப்பட்டவை. அந்தக் குருவிக்குக் கேடு வந்த கதை 19ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 1850களின் தொடக்கத்தில் நியூயோர்க்கின் புரூக்ளினில் ஐரோப்பியச் சிட்டுக்குருவியை வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். 1890இல் சென்ட்ரல் பூங்காவில் ஐரோப்பிய மைனா இனமான ஸ்டார்லிங்கையும் விட்டார்கள். இரண்டும் பொந்துவாசிகள்; இரண்டும் சண்டைக்காரர்கள். பட்ட மரங்களும் பழைய மரவேலிக் கட்டைகளும் குறைந்துவந்த காலத்தில், எஞ்சிய பொந்துகளையும் இவை பிடித்துக்கொண்டன. நீலக்குருவி தெருவில் நின்றது.

1934இல் இல்லினோய் மாநிலத்தில் தோமஸ் மசல்மன் என்பவர் தெருவோரங்களில் பெட்டிகளை வரிசையாக வைக்கத் தொடங்கினார். 1978இல் லோரன்ஸ் செலனி என்பவர் வட அமெரிக்க நீலக்குருவிச் சங்கத்தை நிறுவினார். இவர்கள் வழியாகப் பரவிய அறிவில் முதன்மையானது வாசலின் விட்டம். ஒன்றரை அங்குல, அதாவது 38 மில்லிமீற்றர் ஓட்டைக்குள் கிழக்கத்திய நீலக்குருவி நுழையும், ஸ்டார்லிங் நுழையாது. ஆனால் நீலக்குருவியை விடச் சற்றுச் சிறிய சிட்டுக்குருவியும் நுழைந்துவிடும், அடைகாக்கும் நீலக்குருவியைக் கொத்தியே கொன்றும் விடும். அதனால் அங்கே பெட்டி வைப்பவர்களுக்குச் சிட்டுக்குருவிதான் வில்லன்.

இங்கே கதை தலைகீழ். இலங்கையிலும் இந்தியாவிலும் சிட்டுக்குருவி இயல்பாக வாழும் பறவை. நகரங்களில் அது அருகி வருகிறது என்ற கவலையில், இந்தியாவின் நேச்சர் ஃபோர்எவர் சொசைட்டி என்ற அமைப்பின் முன்முயற்சியால் 2010 முதல் மார்ச் 20ஆம் நாள் உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2012இல் டெல்லி அதைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது. ஒன்ராறியோவில் விரட்டப்படும் அதே குருவிக்குக் கொக்குவிலில் பெட்டி வைக்கிறோம். ஆகவே அமெரிக்கப் புத்தகத்தை அப்படியே பின்பற்ற முடியாது. அளவெடுக்கும் முறையை அவர்களிடம் கற்கலாம். எந்தப் பறவைக்கு, எந்தத் திசையில் என்பதை நம் வளவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் ஊரில் பொந்துகள் எங்கிருந்து வந்தன? முதல் விடை பனை. பனைக்கு வளரும் குருத்து ஒன்றே. தலை போனால் அது மறுபடி துளிர்க்காது, நின்றபடியே பட்டுப்போகும். வெளிப்புறம் வைரம் பாய்ந்திருப்பதால் பட்ட பனை உடனே சாய்வதில்லை. உள்ளே இருக்கும் மென்மையான சோற்றுப் பகுதி மெல்ல உக்கி விழ, உச்சி குடைவாகிறது. மரங்கொத்தி வந்து பக்கத்தில் துளையிடுகிறது. வடக்கில் வாழும் பொன்முதுகு மரங்கொத்தியின் கிளையினம் தன் அறிவியற் பெயரிலேயே யாழ்ப்பாணத்தைச் சுமந்திருக்கிறது. தெற்கே போகப் போக அதன் இடத்தைச் செம்முதுகு மரங்கொத்தி பிடித்துக்கொள்ளும். மரங்கொத்தி ஒரு பருவம் குடியிருந்து விட்டுப் போன துளைக்குக் கிளியோ மைனாவோ வரும். உச்சிக் குடைவைப் பனங்காடை எடுத்துக்கொள்ளும். இப்படி ஒரு மொட்டைப் பனை பல ஆண்டுகள் பல குடும்பங்களைத் தாங்கும்.

இரண்டாவது விடை வீடு. பீலி ஓடு வேய்ந்த பழைய நாற்சார் வீடுகளில் ஓட்டின் அடியிலும், வளையும் சுவரும் சேரும் இடத்திலும் கைமுட்டி அளவு இடுக்குகள் எத்தனையோ இருந்தன. மாட்டுக்கொட்டிலின் முகட்டிலும், கிடுகு வேய்ந்த அடுக்களையிலும் இருந்தன. சுண்ணாம்புக்கல் மதிலில் சாந்து உதிர்ந்த ஓட்டைகளில் கருஞ்சிட்டு குஞ்சு பொரித்தது. யாரும் இவற்றைப் பறவைக்கென்று கட்டவில்லை. கட்டடக்கலையின் உபரி இலாபமாகப் பறவைக்கு அவை கிடைத்தன.

இந்த இரண்டு வகைப் பொந்துகளும் ஒரே தலைமுறைக்குள் குறைந்தன. போர்க் காலத்தில் காவலரண்களுக்கும் பங்கர்களுக்கும் பனங்குற்றிகள் வெட்டப்பட்டன. எறிகணை பட்டுத் தலையிழந்த பனைகள் சில காலம் கிளிகளுக்கு வீடாக நின்று, பின்னர் ஒவ்வொன்றாக விழுந்தன. 2009இல் போர் முடிந்த பின் திருத்திய வீடுகளும் புதிதாக எழுந்த வீடுகளும் கொங்கிறீற்றுத் தட்டும் மூடிய சீலிங்கும் சீமெந்து பூசிய மதிலுமாக வந்தன. மழையும் எலியும் நுழையாத வீடு நல்ல வீடுதான். ஆனால் குருவியும் அதற்குள் நுழையாது. கூட்டுப்பெட்டிக்கான தேவை இங்கிருந்துதான் எழுகிறது.

இனிப் பெட்டிக்கு வருவோம். முதலில் யாருக்கு என்று முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் எல்லாப் பறவைக்கும் பொதுவான பெட்டி என்று ஒன்று கிடையாது. கடையில் அழகுக்காக விற்கும் வண்ணப்பூச்சுக் குருவி வீடுகள் பெரும்பாலும் யாருக்கும் உரியவை அல்ல: வாசல் பெரிது, பலகை மெல்லியது, திறந்து துப்புரவாக்க வழியில்லை, வாசலுக்குக் கீழே ஒரு குச்சி வேறு. அந்தக் குச்சி பொந்துப் பறவைக்குத் தேவையே இல்லை. அதன்மேல் வந்து அமர்ந்து தலையை உள்ளே நுழைத்துப் பார்ப்பது காகம்தான்.

சிட்டுக்குருவிக்கான பெட்டியில் அடித்தளம் ஐந்து அங்குலச் சதுரம் போதும். உயரம் எட்டு முதல் ஒன்பது அங்குலம். வாசல் ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லிமீற்றர் விட்டம். வாசலின் கீழ் விளிம்பு அடித்தளத்திலிருந்து ஐந்தாறு அங்குலம் மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் பூனையின் கை உள்ளே நீண்டாலும் குஞ்சை எட்டாது. 32 மில்லிமீற்றருக்குள் மைனாவால் நுழைய முடியாது. அணில் பல்லால் அரித்து வாசலைப் பெரிதாக்கப் பார்க்கும். வாசலைச் சுற்றி ஒரு தகரத் துண்டை அதே அளவு துளையிட்டு ஆணியடித்தால் அந்தத் தொல்லை தீரும், தகரத்தின் விளிம்பை அரத்தால் மழுக்கிவிட வேண்டும்.

வண்ணாத்திக்குருவிக்குக் கணக்கு வேறு. குண்டுக்கரிச்சான் என்றும் சொல்லப்படும் இந்தப் பறவையின் ஆண் கறுப்பும் வெள்ளையுமாக, வாலை நிமிர்த்தி, விடியற்காலையில் மதில் மேலிருந்து பாடும். பங்களாதேசத்தின் தேசியப் பறவை இது. நீலக்குருவியைப் போலவே நிலத்தில் பூச்சி பிடித்துப் பொந்தில் வாழ்வது. ஆகவே நம் வளவில் நீலக்குருவியின் இடத்தில் வைத்துப் பார்க்கத்தக்கது இதுவே. இதற்கு அடித்தளம் ஆறு அங்குலம், உயரம் பத்து அங்குலம், வாசல் இரண்டு அங்குலம் வைக்கலாம். முன்பலகையின் மேற்பாதியைத் திறந்தே விட்ட பெட்டிக்கும் வரும். கருஞ்சிட்டும் இந்த அரைத்திறப்புப் பெட்டியை விரும்பும். 2020இல் தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்குகளின் சுவிற்சுப் பெட்டிக்குள் கரிச்சான் இனத்துப் பறவை ஒன்று முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை ஊர்மக்கள் ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கைப் போடாமலே இருந்தார்கள். மனிதர் புழங்கும் உயரத்தில், கூரையுள்ள, ஒரு பக்கம் திறந்த சிறு பெட்டி: அந்தப் பறவைக்கு வேண்டியது அவ்வளவே.

இரண்டு அங்குல வாசலில் ஒரு சிக்கல் உண்டு: மைனாவும் உள்ளே வந்துவிடும். மைனா உயரமான, திறந்த இடத்தை விரும்பும் என்பதால், வண்ணாத்திக்குருவியின் பெட்டியை ஆறு ஏழு அடி உயரத்துக்கு மேல் வைக்காமல், நிழல் அடர்ந்த இடத்தில் வைப்பது நல்லது. அப்படியும் மைனா வந்தால் விரட்ட வேண்டியதில்லை. அதுவும் இந்த மண்ணின் பறவை. அடுத்த பருவத்துக்கு இன்னொரு பெட்டி வைத்துக்கொள்ளலாம்.

பெட்டி ஓர் இனத்தையே தாங்கிப்பிடித்ததும் உண்டு. இந்துமாக்கடலின் செஷெல்ஸ் தீவுகளில் வாழும் வண்ணாத்திக்குருவி இனம், பூனையும் எலியும் மனிதனும் சேர்ந்து அழித்ததில் 1960களில் ஃபிரெகேட் என்ற ஒரே தீவில் ஏறத்தாழப் பதினைந்து பறவைகளாகச் சுருங்கியது. 1990 முதல் நடந்த மீட்புப் பணியில் வாழிடத்தைத் திருத்தினார்கள், பகைவிலங்குகளை அகற்றினார்கள், கூட்டுப்பெட்டிகளையும் வைத்தார்கள். இன்று அந்த இனம் பல தீவுகளில் நூற்றுக்கணக்கில் வாழ்கிறது. பெட்டி மட்டும் அதைச் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாழிடம் திருந்திய பிறகே பெட்டிக்குப் பயன் வந்தது.

எதில் செய்வது? பலகையென்றால் முக்கால் அங்குலத் தடிப்புக்குக் குறையக் கூடாது. வேப்பம் பலகையும் பலாப் பலகையும் நல்லவை. பழைய யன்னல் கதவின் பலகை இன்னும் நல்லது, ஏனெனில் அது இனி வளையாது. வாசலுக்குக் கீழே உட்பக்கத்தைச் சீவி மினுக்காமல் சொரசொரப்பாக விட்டால் குஞ்சு பற்றி ஏறும். உள்ளே வர்ணமோ வார்னிஷோ பூசக் கூடாது. அடித்தளத்தின் மூலைகளில் நீர் வடியச் சிறு துளைகளும், பக்கப் பலகைகளின் மேல் விளிம்பில் வெக்கை வெளியேறத் துளைகளும் வேண்டும். கூரை முன்பக்கம் இரண்டு அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். ஒரு பக்கப் பலகையைத் திறக்கும்படி வைக்க வேண்டும். தகரப் பெட்டியும் பிளாஸ்ரிக் போத்தலும் கூடவே கூடாது. நம் சித்திரை வெயிலில் அவற்றுக்குள் குஞ்சு அவிந்துவிடும்.

பலகையை விட மலிவாகவும் குளிர்ச்சியாகவும் கிடைப்பது மண்முட்டி. இலங்கையில் விறாந்தைக் கூரையில் மண்பானை கட்டிச் சிட்டுக்குருவிக்கு இடம் கொடுப்பது பழைய வழக்கம். நமக்கோ கள்ளு முட்டியே கையில் இருக்கிறது. நன்றாகக் கழுவி வெயிலில் உலர்த்திய முட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துக் கட்டி, அதன் வாயில் ஒரு சிரட்டையைப் பொருத்தி, சிரட்டையில் ஒன்றேகால் அங்குல ஓட்டை போட்டால் பெட்டி தயார். கீழ்ப்புறமாக வரும் இடத்தில் நீர் வடிய ஒரு சிறு துளை வேண்டும். பருவம் முடிந்ததும் சிரட்டையைக் கழற்றிப் பழைய கூட்டை எடுத்து வீசலாம். சுட்ட மண் வெயிலை மெதுவாகவே உள்ளே விடும் என்பது அதன் பெரிய நன்மை.

அடுத்தது திசை. எந்தப் பெட்டியையும் வீணாக்குவதும் வாழவைப்பதும் இதுதான். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே பத்துப் பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் நடுவில், புத்தாண்டை ஒட்டி, சூரியன் நம் உச்சிக்கு நேர் மேலே வரும். அதன்பின் ஓகஸ்ற் கடைசி வரை நண்பகற் சூரியன் வடபுறமாகச் சாய்ந்தே நிற்கும். ஆகவே வெயில் கொடிய அந்த மாதங்களில் வீட்டின் தெற்குச் சுவருக்கு மதிய வெயில் நேரே படாது. கனடாவிலும் அமெரிக்கப் பெருநிலத்திலும் நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்கும். அங்கே எழுதிய புத்தகத்தில் இந்தச் செய்தி இருக்காது. மேற்குச் சுவர் பின்னேர வெயிலில் காய்வது. அது எந்தக் காலத்திலும் ஆகாது.

காற்றையும் மழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை, வாடைக்காற்றுடன் வடகிழக்கிலிருந்து வரும். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வீசும். வடகிழக்கு வாசலில் மழை அடிக்கும். தென்மேற்கு வாசலில் காற்றடிக்கும். மேற்கு வாசலில் வெயில் அடிக்கும். இவற்றைக் கழித்தால் எஞ்சுவனவற்றில் நல்லவை கிழக்கும் தென்கிழக்கும். இரண்டில் தென்கிழக்கு மேல். ஓரளவு நீண்ட கூரைத் தாழ்வாரத்தின் கீழ், தென்கிழக்கு மூலையில், வாசல் சற்றே கீழ்நோக்கிச் சாயும்படி மாட்டிய பெட்டிக்கு ஆண்டு முழுவதும் குறையில்லை.

சிட்டுக்குருவிக்கு எட்டு முதல் பன்னிரண்டு அடி உயரம் சரி. அது கூட்டமாக வாழும் பறவை. ஒரே சுவரில் இரண்டு மூன்று பெட்டிகளை அடுத்தடுத்து வைத்தால் மகிழ்ந்து வரும். வண்ணாத்திக்குருவிக்கு எல்லைச் சண்டை பெரிது. ஒரு வளவுக்கு ஒரு பெட்டிக்கு மேல் வைப்பது வீண். சிட்டுக்குருவிப் பெட்டியை விறாந்தையின் மின்விசிறிக்கு அருகே மாட்டவே கூடாது. வீட்டுக்குள் கூடு கட்டிய குருவிகள் மின்விசிறியில் அடிபட்டுச் சாவது வழமையாக நடப்பது.

மரத்தில் கட்டுவதானால் மாமரத்தை நன்றாகப் பார்த்துவிட்டுக் கட்ட வேண்டும். முசுறு ஏறும் மரத்தில் குஞ்சு பிழைக்காது. மதிலில் இருந்தோ கொப்பில் இருந்தோ பூனை தாவும் தூரத்தில் பெட்டி இருக்கக் கூடாது. சாரைப்பாம்பும் செம்பகமும் கூடுகளைத் தேடித் திரிபவை; செம்பகம் ஒளிந்து வரும் அடர்ந்த பற்றையைப் பெட்டிக்கு ஒட்டினாற்போல் விட வேண்டாம். ஆனால் பத்துப் பதினைந்து அடி தள்ளி ஒரு பூவரசோ கிளுவை வேலியோ இருப்பது அவசியம். முதன்முறை பறக்கும் குஞ்சு நிலத்தில் விழாமல் போய் ஒட்டிக்கொள்ள அதுதான் இடம்.

காலம் எப்போது? மழை ஓய்ந்து தை பிறக்கும்போது பெட்டி தொங்க வேண்டும். வண்ணாத்திக்குருவி ஆண்டின் முற்பகுதியில் இடம் பார்க்கத் தொடங்கும். சிட்டுக்குருவி ஏறத்தாழ ஆண்டு முழுவதும் குஞ்சு பொரிக்கும். தை மாதம் நமக்குப் பட்டக் காலமும்கூட. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பொங்கலன்று பட்டப் போட்டி நடக்கும். ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைகள் பட்டம் ஏற்றுவார்கள். அறுந்து கொப்புகளில் சிக்கும் நைலோன் நூலைக் குருவி கூட்டுக்கு எடுத்துச் செல்லும். அதில் குஞ்சின் கால் மாட்டிக்கொண்டால் மீளாது. பெட்டியைக் கட்டும் அன்றே வளவில் கிடக்கும் நூலையும் தங்கூசியையும் பொறுக்கி எரிக்குப்பையோடு சேர்க்காமல் சுருட்டி அகற்ற வேண்டும். அதற்குப் பதிலாகக் கொஞ்சம் தேங்காய்த் தும்பைப் பிரித்து வேலியில் போட்டு வைக்கலாம்.

சிட்டுக்குருவி நாலைந்து முட்டையிட்டு இரு வாரங்களுக்குள் பொரிக்கும். பொரித்த இரண்டு வாரமளவில் குஞ்சுகள் பறக்கும். இடையில் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குவது நல்லது. பன்னிரண்டு நாள் கடந்த குஞ்சுகள் இருக்கும் பெட்டியைத் திறந்தால் அவை வெருண்டு, இறகு முற்றுமுன்பே வெளியே குதித்துவிடும். ஒரு குடும்பம் போனதும் பழைய கூட்டை எடுத்துவிட்டு, பெட்டியை வெந்நீரால் கழுவி வெயிலில் காயவிட்டால் பேனும் உண்ணியும் அழியும். மருந்துத் தூள் எதுவும் வேண்டாம்.

பெட்டியின் கதை இங்கே முடிகிறது. வளவின் கதை முடியவில்லை. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். குடாநாட்டின் வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களில் ஓயாமல் மருந்தடிக்கிறோம். அதே பழக்கத்தில் வீட்டுக் கத்தரிக்கும் கறிவேப்பிலைக்கும் அடிக்கிறோம். பூச்சி முற்றாக ஒழிந்த வளவில் எத்தனை அழகான பெட்டி வைத்தாலும் தாய்க்குருவி வராது. வந்தாலும் குஞ்சு பட்டினியில் சாகும். மாவிலைச் சருகைத் தினமும் கூட்டி எரிக்காமல் ஒரு மூலையில் விட்டால் வண்ணாத்திக்குருவிக்கு அதுவே உணவுக்களம். கிணற்றடியில் ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீரும், புரண்டு குளிக்கக் கொஞ்சம் புழுதி நிலமும் சிட்டுக்குருவிக்குப் போதும்.

செலவும் பயனும் பார்த்து வரிசைப்படுத்தினால் என் தீர்ப்பு இது. வீட்டின்மேல் விழும் தூரத்தில் இல்லாத பட்ட பனை உங்கள் காணியில் நின்றால் அதை வெட்டாமல் விடுங்கள். எந்தத் தச்சனும் செய்ய முடியாத பெட்டி அது. அடுத்து, வளவுக்குள் பூச்சிமருந்தை நிறுத்துங்கள். மூன்றாவதாக, தென்கிழக்குத் தாழ்வாரத்தில் ஒரு முட்டியைக் கட்டுங்கள். முதற் பருவத்தில் யாரும் குடிவராவிட்டால் இடத்தை மாற்றாமல் இன்னொரு தை வரை பொறுத்திருங்கள்.